சுமை இழுக்கும் கெப் வாகனத்துக்குப் பின்னச்சுப் பற்சக்கரம் தெரிவு செய்தல்: மட்டக்களப்பு, அம்பாறை உரிமையாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பின்னச்சில் ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் கெப் உரிமையாளர் ஒருவர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் “கிரவுண் பினியன் என்ன விலை?” என்பதாகவே இருக்கிறது. விலைக்கு முன்பாக மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: பழைய பற்சக்கரம் ஏன் கெட்டது, உள்ளே இருப்பது என்ன விகிதம், அந்த விகிதம் இன்று வாகனத்தில் உள்ள டயருக்கும் இழுக்கும் சுமைக்கும் பொருந்துகிறதா. இந்த மூன்றுக்கும் விடை காணாமல் கடையில் கிடைத்ததை வாங்கிப் பூட்டுகிறவர்கள் சில மாதங்களில் அதே வேலையை மறுபடியும் செய்ய நேரிடுகிறது. வாழைச்சேனையில் படகு ஏற்றிய ட்ரெயிலரை இழுப்பவர்கள், படுவான்கரையில் இருந்து நெல்லும் லேண்ட்மாஸ்டரும் ஏற்றி வருபவர்கள், பொத்துவிலில் இருந்து பதுளைப் பக்கம் சுமையுடன் ஏறுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

எஞ்சினின் சுழற்சி கியர்பெட்டி வழியாக நெடுந்தண்டுக்கு வந்து, அங்கிருந்து பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷலுக்குள் (திரும்பும்போது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதி) நுழைகிறது. நெடுந்தண்டுடன் சுழலும் சிறிய சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய வளையச் சக்கரம் கிரவுண் வீல். கிரவுண் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதே அச்சு விகிதம். 41 பற்களும் 10 பற்களும் இருந்தால் 4.100, 41 உம் 9 உம் என்றால் 4.556, 43 உம் 11 உம் என்றால் 3.909; 39 உம் 8 உம் என்றால் 4.875. இவை டொயோட்டா கெப்களில் காணப்படும் விகிதங்கள். எண் கூடக்கூடச் சக்கரத்துக்குச் செல்லும் இழுவிசை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்ற வேண்டிய சுற்றுகளும் கூடும். விகிதங்கள் ஏன் 4 என்றோ 4.5 என்றோ முழுமையாக அமைவதில்லை என்று சிலர் வியப்பதுண்டு. இரு சக்கரங்களின் பற்களுக்கும் பொதுக் காரணி இல்லாதபோது, ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் மாறிமாறிச் சந்திக்கிறது. அதனால் தேய்வு ஒரே இடத்தில் சேராமல் எங்கும் பரவுகிறது.

முதற்படி: பழையது ஏன் கெட்டது எனக் கண்டறிதல்

சத்தம் வருகிறது என்பதற்காகக் கிரவுண் பினியன்தான் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ஊளையின் தன்மை மாறுமானால், கிரவுண் வீலும் பினியனும் கடிக்கும் இடத்திலோ பினியன் பெயாரிங்கிலோ பழுது இருக்கலாம். அக்சிலேட்டருடன் தொடர்பின்றி ஒரே சீராக உறுமி, வளைவில் திரும்பும்போது கூடியும் குறைந்தும் வருமானால், சக்கரப் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நேராகச் செல்லும்போது ஒன்றுமில்லாமல் திரும்பும்போது மட்டும் தட்டும் சத்தம் வந்தால், டிபரன்ஷலுக்கு உள்ளிருக்கும் சிறு கியர்களைப் பார்க்க வேண்டும். வாகனம் புறப்படும் கணத்தில் மட்டும் ‘டக்’ என்று கேட்டால், நெடுந்தண்டின் முனையில் வளைந்துகொடுக்கும் மூட்டான யூ ஜொயின்ட்டை முதலில் கையால் ஆட்டிப் பாருங்கள். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு டிபரன்ஷல் வேலையோடு ஒப்பிடத்தக்கதே அல்ல.

அடுத்து, டிபரன்ஷல் ஒயிலை வடித்துப் பாருங்கள். நமது கரையோரத்தில் டிபரன்ஷல்கள் கெடுவதற்கு அளவுக்கு மீறிய சுமையைவிடத் தண்ணீரே பெரிய காரணம் என்பது என் கருத்து. படகை வாவியிலோ துறைமுகச் சரிவிலோ இறக்கும்போது, ஓடிச் சூடேறிய பின்னச்சு திடீரெனக் குளிர்ந்த நீரில் அமிழ்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி உறிஞ்சும் நிலை உண்டாகிறது. அச்சின் மேலிருக்கும் சுவாசக் குழாய் நீருக்குள் இருந்தாலோ அடைபட்டிருந்தாலோ, நீர் அதன் வழியாகவோ ஒயில் சீல்களின் ஓரமாகவோ உள்ளே போய்விடுகிறது. மாரி காலத்தில் வெள்ளம் மேவிய வீதிகளைக் கடக்கும்போதும் இதுவே நடக்கிறது. வடித்த ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருப்பது உறுதி. உப்பு நீர் என்றால் பெயாரிங் உருளைகளில் துருப்புள்ளிகள் விழுந்திருக்கும். அந்தப் பெயாரிங்கை அப்படியே விட்டுப் புதிய பற்சக்கரத்தைப் பூட்டினால், பெயாரிங் தளர்ந்து பினியன் இடம்விலகிப் புதிய பற்களையும் தின்றுவிடும்.

ஒயில் கருகிய மணத்துடன் மிகக் குறைவாக வந்தால், சீல் கசிந்து நெடுநாள் கவனிக்கப்படாமல் இருந்திருக்கிறது என்று பொருள். ஒயில் சுத்தமாகவும் அளவாகவும் இருந்து, பினியன் பற்கள் மட்டும் உடைந்தோ உரிந்தோ இருந்தால், சுமையையும் ஓட்டும் முறையையும் விகிதத்தையும் ஆராய வேண்டும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் தடக்கும் துண்டுகள் இயல்பல்ல.

இரண்டாம் படி: உள்ளே இருப்பதை உறுதிப்படுத்தல்

பல கைகள் மாறிய வாகனங்களே நம்மிடையே அதிகம். முந்திய உரிமையாளர் எதைப் பூட்டினார் என்பதை வாகனத்தின் புத்தகம் சொல்லாது. டொயோட்டாவாக இருந்தால், எஞ்சின் அறையில் உள்ள உற்பத்தியாளர் தகட்டில் ‘ட்ரான்ஸ்/அக்ஸில்’ என்ற வரியில் அச்சுக் குறியீடு இருக்கும். அதன் முதல் எழுத்து கிரவுண் வீலின் அளவையும், அடுத்துள்ள இரு இலக்கங்கள் விகிதத்தையும் குறிக்கும். உதிரிப்பாகக் கடைக்காரர் தமது விவரக்கோவையில் அதைப் பார்த்துச் சொல்வார். ஆனால் தகடு சொல்வது தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த நாளின் நிலையை மட்டுமே.

ஆகவே கையால் எண்ணிப் பார்ப்பதே உறுதியான வழி. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் உயர்த்தி, ஜாக்கை நம்பாமல் அச்சின் கீழ் உறுதியான தாங்கி வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுக் கைப் பிரேக்கையும் தளர்த்துங்கள். நாற்சக்கர இயக்க வாகனமென்றால் அதை இருசக்கர இயக்கத்தில் வையுங்கள். சாதாரண டிபரன்ஷலில், ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றதை இரு முறை சுற்றினால்தான் கிரவுண் வீல் ஒரு முறை சுழலும். எனவே உயர்த்திய சக்கரத்தைச் சோக்கட்டியால் அடையாளமிட்டுச் சரியாக 20 முறை சுற்றுங்கள். உதவிக்கு இருப்பவர் நெடுந்தண்டின் சுற்றுகளை எண்ணட்டும். 41 சுற்று வந்தால் 4.100, 43 வந்தால் 4.300, 45 ஐத் தாண்டி ஏறத்தாழ அரைச்சுற்று வந்தால் 4.556. இரு சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டால் 4.1 உம் 4.3 உம் கண்ணுக்கு வேறுபடாது என்பதாலேயே 20 வரை எண்ணச் சொல்கிறேன். லிமிட்டட் ஸ்லிப் வகையாக (ஒரு சக்கரம் மட்டும் தனியே வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷல்) இருந்தால் இவ்விதம் ஒரு சக்கரத்தை மட்டும் சுற்ற முடியாது. அப்போது இரு சக்கரங்களையும் உயர்த்தி இரண்டையும் ஒன்றாக 10 முறை சுற்றி எண்ண வேண்டும்.

விகிதத்துடன் கிரவுண் வீலின் விட்டம், அச்சுத் தண்டின் முனையிலுள்ள வரிப்பற்களின் எண்ணிக்கை, உட்கியர்கள் இரண்டா நான்கா, லிமிட்டட் ஸ்லிப் உண்டா இல்லையா ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விகிதம் ஒன்றாக இருந்தும் விட்டம் வேறுபட்டால் அந்தப் பாகம் உங்களுக்குப் பயன்படாது.

மூன்றாம் படி: நாற்சக்கர இயக்கம் இருந்தால் முன்னச்சு

இதைச் சுருக்கமாகவும் அழுத்தமாகவும் சொல்ல வேண்டும். முன்னச்சின் விகிதமும் பின்னச்சின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் 4.556, முன்னால் 4.100 என்று வைத்துக்கொண்டு நாற்சக்கர இயக்கத்தைப் பூட்டினால், இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். டிரான்ஸ்ஃபர் பெட்டி (சுழற்சியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்தனுப்புவது), நெடுந்தண்டு, டயர் ஆகியவற்றில் எது முதலில் விட்டுக்கொடுக்கிறதோ அது உடையும். எனவே விகிதத்தை மாற்ற எண்ணுகிற நாற்சக்கர இயக்க உரிமையாளர் இரு அச்சுகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் பழைய விகிதத்தையே வைத்துக்கொண்டு டயரின் அளவைத் திருத்துவது நல்லது.

நான்காம் படி: டயரும் சுமையும்

அச்சு விகிதத்தைத் தனியே வைத்துப் பேசுவதில் பயனில்லை. டயரின் விட்டத்துடன் சேர்ந்துதான் அதற்குப் பொருள் உண்டு. நம்மூரில் பல கெப்கள் தோற்றத்துக்காகவோ வயல் வரம்பில் உயரம் வேண்டும் என்பதற்காகவோ பெரிய டயருக்கு மாறியுள்ளன. அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

255/70 ஆர் 15 டயரின் பக்கச்சுவர் 255 இன் 70 வீதம், அதாவது 178.5 மில்லிமீற்றர். இரு பக்கச்சுவர்களுடன் 15 அங்குல ரிம்மின் 381 மில்லிமீற்றரைக் கூட்டினால் விட்டம் 738 மில்லிமீற்றர். இதற்குப் பதில் 265/75 ஆர் 16 பூட்டினால், அதே முறையில் 804 மில்லிமீற்றர் வரும். டயர் ஏறத்தாழ 9 வீதம் பெரிதாகிவிட்டது. 4.100 விகிதம் இப்போது பழைய டயரில் 3.76 விகிதம் இருந்தால் எப்படி இழுக்குமோ அப்படித்தான் இழுக்கும். பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.100 ஐ 804 ஆல் பெருக்கி 738 ஆல் வகுக்க வேண்டும், வருவது 4.467. அப்படியொரு பற்சக்கரம் கிடைக்காது. கிடைப்பவற்றில் அருகில் உள்ளது 4.556.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது கணக்குக்குப் போதுமானதே. எனினும், சுமையேற்றிய டயர் சற்றே தட்டையாவதால், இன்னும் நுட்பமாக அறிய விரும்புபவர் டயரிலும் தரையிலும் அடையாளமிட்டு, வாகனத்தை ஒரு முழுச் சுற்று நகர்த்தி, தரையில் கடந்த நீளத்தை அளந்து 3.1416 ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

சுமையை ஊகிக்க வேண்டாம். படகு, எஞ்சின், வலை, எரிபொருள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்த ட்ரெயிலரின் எடையைப் பெரும்பாலானோர் குறைத்தே சொல்கிறார்கள். அரிசி ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு உள்ள இடத்தில் கேட்டு, கெப்பையும் ட்ரெயிலரையும் சேர்த்தும் தனித்தனியேயும் நிறுத்துப் பாருங்கள். கொக்கியின் மேல் அழுத்தும் எடை ட்ரெயிலர் எடையின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும்: பற்சக்கரத்தை மாற்றுவதால் வாகனம் இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடாது. அந்த எல்லையைப் பிரேக்கும் சட்டகமும் குளிரூட்டும் அமைப்பும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. உற்பத்தியாளர் கையேட்டில் உள்ள எண்ணே எல்லை.

ஐந்தாம் படி: விகிதத்தைக் கணித்தல்

வேண்டிய சூத்திரம் ஒன்றுதான். எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள் = வேகம் (கிலோமீற்றர்/மணி) × 5.305 × அச்சு விகிதம் × கியர் விகிதம் ÷ டயர் விட்டம் (மீற்றரில்).

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், நேர் கியரான 4ஆம் கியரில் (விகிதம் 1.00), 0.738 மீற்றர் டயரும் 4.100 உம் இருந்தால் எஞ்சின் ஏறத்தாழ 1,770 சுற்றுகளில் ஓடும். 0.804 மீற்றர் டயருக்கு மாறினால் அது 1,620 ஆகக் குறையும். அந்த டயருடன் 4.556 போட்டால் 1,800 ஆக மீளும். 5ஆம் கியரின் விகிதம் 0.85 என்று கொண்டால் இவை முறையே 1,500, 1,380, 1,530.

இந்த எண்களை எஞ்சினின் குணத்துடன் ஒப்பிட வேண்டும். டொயோட்டாவின் 2.5 லீற்றர் 2கேடி டர்போ டீசல் எஞ்சினில் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) உள்ள வகை, தனது உச்ச முறுக்குவிசையான 343 நியூட்டன் மீற்றரை 1,600 முதல் 2,800 சுற்றுகள் வரை தருகிறது. பெரிய டயரும் 4.100 உம் உள்ள நிலையில், 5ஆம் கியரில் 1,380 சுற்றுகளில் ட்ரெயிலரை இழுப்பது அந்த எல்லைக்குக் கீழே எஞ்சினை வதைப்பதாகும். டர்போ இல்லாத பழைய 2.8 லீற்றர் 3எல் எஞ்சினோ 2,400 சுற்றுகள் அளவில்தான் தனது 188 நியூட்டன் மீற்றரை எட்டுகிறது. அதற்குப் பெரிய டயர் இன்னும் கெடுதல்.

சமதரையில் கியரை ஒன்று குறைத்துச் சமாளிக்கலாம். ஏற்றத்தில்தான் உண்மை வெளிப்படும். மட்டக்களப்பில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை ஏ4 வீதியில் மட்டுமே ஓடுபவருக்கு ஏற்றம் என்பதே இல்லை எனலாம். ஆனால் செங்கலடியில் இருந்து செல்லும் ஏ5 வீதியில் மகா ஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறுபவரும், அம்பாறையில் இருந்து மகியங்கனை சென்று பதினெட்டு வளைவு வழியாகக் கண்டிக்கு ஏறுபவரும் வேறு கணக்குப் போட வேண்டும்.

கெப்பும் ட்ரெயிலரும் சேர்ந்து 3,500 கிலோகிராம், ஏற்றம் 8 வீதம் என்று எடுத்துக்கொள்வோம். மேலே இழுக்க 2,747 நியூட்டனும் டயர் உருளும் தடைக்குச் சுமார் 515 நியூட்டனும் சேர்ந்து, 3,260 நியூட்டன் அளவிலான இழுவிசை தேவை. மெதுவாக ஏறுவதால் காற்றின் தடையை விட்டுவிடலாம். 3ஆம் கியரின் விகிதம் 1.5 என்றும், பற்சக்கரங்களில் 10 வீதம் இழக்கப்படுகிறது என்றும் கொண்டால், சிறிய டயரும் 4.100 உம் உள்ள வாகனத்தின் எஞ்சின் 217 நியூட்டன் மீற்றர் தர வேண்டும். பெரிய டயரும் 4.100 உம் என்றால் 237. பெரிய டயரும் 4.556 உம் என்றால் 213. இன்டர்கூலர் உள்ள டர்போ எஞ்சினுக்கு இவை எல்லாம் எட்டக்கூடியவை. எனினும் 237 கேட்கும் எஞ்சினில் வெப்பமும் கிளச்சின் தேய்வும் கூடும். 3எல் எஞ்சினுக்கோ இம்மூன்றுமே எட்டாதவை. அது 2ஆம் கியருக்கு இறங்கித்தான் ஏற வேண்டும். இறங்கினாலும் பெரிய டயருடன் 4.100 இல் திணறும் வாகனம் 4.556 இல் ஓரளவு மூச்சுவிடும்.

இக்கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு ஒரு தாளில் போட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள். என் பரிந்துரை பின்வருமாறு. டயர் தொழிற்சாலை அளவிலேயே இருந்து, கரையோரச் சமதரையில்தான் பெரும்பாலும் இழுக்கிறீர்கள் என்றால், பழைய விகிதத்தை மாற்ற வேண்டாம். டயர் 5 வீதத்துக்கு மேல் பெரிதாகியிருந்தால், ஒன்றில் டயரைத் திருப்பி மாற்றுங்கள் அல்லது மேற்சொன்னவாறு ஈடுசெய்யும் விகிதத்துக்குப் போங்கள். டயர் பழைய அளவிலேயே இருக்க, மலையேற்றத்துக்காக மட்டும் எண்ணைக் கூட்ட விரும்பினால் ஒரு படி மட்டுமே கூட்டுங்கள். எண் கூடிய விகிதம் இழுவையைத் தந்தாலும், சுமையின்றி ஓடும் நாட்களில் எஞ்சின் வேகமாகச் சுற்றி எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். அத்துடன் ஒரே அளவு கிரவுண் வீலுக்கு விகிதம் கூடும்போது பினியன் சிறுத்துக்கொண்டே போகும். 11 பற்கள் கொண்ட பினியனைவிட 8 பற்கள் கொண்டது ஒல்லியானது, ஒரே நேரத்தில் கடிக்கும் பற்களின் பரப்பும் குறைவு. அதனால் இழுவைக்கென்று 4.875 வரை போவதை, கனமான சுமையுடன் நெடுந்தூரம் ஓடும் வாகனத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேகமானியையும் மறக்க வேண்டாம். கியர்பெட்டியில் இருந்து வேகத்தை எடுக்கும் வாகனங்களில் அச்சு விகிதம் மாறினால் வேகமானி பிழையாகக் காட்டும். சக்கர உணரிகளில் இருந்து எடுப்பவற்றில் டயரின் அளவு மாறினால்தான் பிழை வரும். தானியங்கிக் கியர்பெட்டி உள்ளவர்கள், மாற்றும் முன்பே மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருத்தியமைக்க முடியுமா என விசாரிக்க வேண்டும்.

ஆறாம் படி: வாங்குதல்

கிரவுண் வீலும் பினியனும் ஒரே சோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டு வருபவை. இரண்டிலும் ஒரே சோடி எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஒரு வாகனத்தின் கிரவுண் வீலையும் இன்னொன்றின் பினியனையும் சேர்த்துப் பூட்டிய அச்சு முதல் நாளிலேயே ஊளையிடும். பின்னர் பற்களை இழக்கும்.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பியோ ஊர்க் கடைகள் மூலமோ எடுக்கும்போது பொதுவாக மூன்று வகை கிடைக்கும். முதலாவது உற்பத்தியாளரின் அசல் புதிய சோடி. விலை அதிகம், நம்பிக்கையும் அதிகம். இரண்டாவது பிற நிறுவனங்களின் புதிய சோடி; இதில் தரம் மிகவும் வேறுபடும். பற்களின் மேற்பரப்பு ஒரே சீராக, கருவித் தடங்கள் கரடின்றி, ஓரங்களில் பிசிறின்றி இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றாவது, ரீகண்டிஷன் வாகனத்தில் இருந்து கழற்றிய முழு டிபரன்ஷல் தொகுதி. ஹைலக்ஸ் போன்றவற்றில் கிரவுண் வீல், பினியன், பெயாரிங் எல்லாம் ஒரே வார்ப்புக் கூட்டில் அமைந்து முன்பக்கமாக வெளியே வரும். ஆகவே அதை அப்படியே தூக்கி வைத்துவிட முடியும்.

விகிதத்தை மாற்றாதவர்களுக்கு நான் மூன்றாவதையே முதலில் சொல்வேன். தொழிற்சாலையில் அளந்து பொருத்திய நிலை குலையாமல் வருவதால், நுட்ப அளவீட்டுக் கருவி இல்லாத கராஜிலும் அதைப் பிழையின்றிப் பூட்டலாம். மலிவான புதிய சோடியை அளவீடின்றிப் பொருத்துவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது. வாங்கும்போது பற்களை எண்ணுங்கள். பினியன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் சற்றும் இருக்கக் கூடாது. பற்களில் குழிகள், ஓரத்தில் படிபோன்ற தேய்வு, சூட்டினால் வந்த நீல நிறம், பெயாரிங்கில் துரு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் அதை விட்டுவிடுங்கள். பிரித்துத் துண்டு துண்டாகத் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

புதிய சோடி வாங்குவோர் அதனுடன் பினியன் பெயாரிங் இரண்டு, பக்கப் பெயாரிங் இரண்டு, பினியன் சீல், அச்சுச் சீல்கள், நசுங்கும் வளையம் (நட்டை இறுக்கும்போது நசுங்கிப் பினியன் பெயாரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிப்பது), பினியன் நட் ஆகியவற்றையும் புதிதாகவே வாங்க வேண்டும்.

ஏழாம் படி: பொருத்துதல்

இந்த வேலையை வீட்டு முற்றத்தில் செய்ய முற்படாதீர்கள். உங்கள் பொறுப்பு, வேலையை ஒப்படைக்கும் முன் சரியான கேள்விகளைக் கேட்பது. “டயல் கேஜ் இருக்கிறதா?” என்பது முதற் கேள்வி. பற்களின் இடைவெளியை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டியிருக்கிறது. கிரவுண் வீல் 8 அங்குல விட்டமுள்ள டொயோட்டா வகைக்கு அது 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை. கையால் ஆட்டிப் பார்த்துச் சரி என்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அந்த அளவைக் கையால் உணர முடியாது.

வேலை நான்கு அளவுகளைச் சார்ந்தது: பினியன் உள்ளே நிற்கும் ஆழம், பினியன் பெயாரிங்கின் இறுக்கம், பற்களின் இடைவெளி, பக்கப் பெயாரிங்கின் இறுக்கம். இவை சரியா என்பதற்கு இறுதிச் சாட்சி, பற்களில் நிறச்சாந்து பூசிச் சுற்றும்போது விழும் தடம். தடம் பல்லின் நடுப்பகுதியில், மேலும் கீழும் சற்று இடம்விட்டு விழ வேண்டும். பல்லின் நுனியை ஒட்டி மேலே விழுந்தால் பினியன் கிரவுண் வீலுக்குத் தூரத்தில் நிற்கிறது. பல்லின் அடியில் விழுந்தால் மிக அருகில் நிற்கிறது. இரண்டையும் பினியனுக்குப் பின்னால் உள்ள ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையத்தின் தடிப்பை மாற்றித்தான் திருத்த வேண்டும். தடத்தின் ஒளிப்படத்தை எடுத்துத் தரும்படி கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதை மகிழ்ச்சியுடன் காட்டுவார்.

நசுங்கும் வளையம் ஒருமுறைப் பாவனைக்குரியது. நட்டை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புதிய வளையம் போட்டு மறுபடி தொடங்க வேண்டும். கிரவுண் வீலைக் கூட்டில் ஏற்றும்போது சுத்தியலால் அடிக்கக் கூடாது. கொதிநீரில் சூடாக்கினால் அது விரிந்து தானாக அமரும். போல்ட்டுகளின் மரைகளைச் சுத்தமாக்கி, பூட்டுப் பசையிட்டு, கையேட்டிலுள்ள முறுக்களவுக்கு எதிரெதிராக இறுக்க வேண்டும். பழைய பற்கள் உடைந்திருந்தால் அச்சுக் குழாயின் இரு பக்கங்களையும் கழுவித் துடைத்தார்களா என்று நேரில் பாருங்கள். ஒரு சிறு உலோகத் துண்டு மிஞ்சினாலும் புதிய பெயாரிங் கெட்டுவிடும்.

எட்டாம் படி: சுவாசக் குழாய், ஒயில், பழக்குதல்

அச்சு கழன்று கிடக்கும்போதே சுவாசக் குழாயை உயர்த்திவிடுங்கள். அச்சின் மேலுள்ள சிறு மூடிக்குப் பதிலாக ஒரு இணைப்பியைப் பூட்டி, ஒயிலைத் தாங்கும் ரப்பர் குழாயைப் பின்விளக்கின் உயரம் வரை கொண்டுசென்று, முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினால் போதும். குறைந்த செலவில் முடியும் இவ்வேலை, வாவிக்கரையில் படகு இறக்குபவருக்குப் புதிய பற்சக்கரத்தின் ஆயுளையே தீர்மானிக்கும். அத்துடன், நெடுந்தூரம் ஓடிவந்த உடனே சரிவில் இறங்காமல், அச்சு கைவைக்கக்கூடிய அளவுக்கு ஆறும் வரை காத்திருங்கள். அச்சு நீரில் அமிழ்ந்த ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒயிலின் நிறத்தைச் சோதியுங்கள்.

ஒயில் ஜீ.எல்.-5 தரத்தில் இருக்க வேண்டும். பினியன் கிரவுண் வீலின் மையத்துக்குக் கீழாகத் தள்ளி அமைவதால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த உராய்வைத் தாங்கும் சேர்மானம் ஜீ.எல்.-4 ஒயிலில் போதாது. நமது வெப்பத்துக்கு 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90 தடிப்பு பொருத்தமானது. லிமிட்டட் ஸ்லிப் இருந்தால் அதற்குரிய வகையையே ஊற்ற வேண்டும். வாகனம் சமதரையில் நிற்க, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் ஒயில் தொடும் வரை நிரப்புங்கள்.

புதிய சோடியை ட்ரெயிலருடன் முதல் நாளே வெளியே கொண்டுபோகக் கூடாது. முதலில் சுமையின்றி 25 கிலோமீற்றர் அளவில் மிதமான வேகத்தில் ஓடி, நிறுத்தி, முழுதாக ஆறவிடுங்கள். இதைச் சில தடவைகள் திரும்பச் செய்யுங்கள். புதிய பற்கள் ஒன்றையொன்று மெருகேற்றும்போது பிறக்கும் வெப்பம் அளவுக்கு மீறினால் பல்லின் கடினத்தோல் மென்மையாகிவிடும். அதன் பின் எந்த ஒயிலாலும் அதைக் காக்க முடியாது. சுமார் 800 கிலோமீற்றர் வரை இழுவை வேண்டாம். பெரும்போக அறுவடை நெருங்கும் வேளையில் இந்தப் பொறுமை கடினம் என்பதை அறிவேன். ஆகவே முடிந்தால் இவ்வேலையை அறுவடைக்கு முன்பே திட்டமிட்டுச் செய்யுங்கள். முதல் இழுவையும் குறைந்த சுமையுடன், சமதரையில், இடையிடையே நிறுத்தி அச்சின் சூட்டைப் பார்த்துக்கொண்டு நடக்கட்டும்.

அந்த 800 கிலோமீற்றரின் முடிவில் ஒயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து, வெள்ளைத் தட்டொன்றில் ஊற்றிப் பாருங்கள். வெளிச்சத்தில் மினுங்கும் நுண்தூள் பற்கள் மெருகேறியதன் அடையாளம்; புதிய ஒயிலை நிரப்பி ட்ரெயிலரைக் கொழுவலாம். ஊசிபோன்ற துகள்களோ செதில்களோ தென்பட்டால், ட்ரெயிலரைக் கொழுவாமல், தடத்தின் ஒளிப்படத்துடன் அதே மெக்கானிக்கிடம் திரும்பச் சென்று இடைவெளியை மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள்.